கோபம் நியாயம்தான், பணத்தை மட்டும் அங்கே கொடுக்காதீர்கள்

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு வயது 46. தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். உள்ளூர்ச் சந்தைக்கு மூட்டையாகவும், கேரளாவுக்கு லேபிள் ஒட்டிய பாக்கெட்டாகவும் அனுப்புகிறேன். என் அத்தை மகன் மன்னாரில் பலசரக்குக் கடை வைத்து நன்றாக இருந்தவன். 2022-இல் குடும்பத்தோடு படகேறி அரிச்சல்முனையில் வந்து இறங்கினான். இப்போது மண்டபம் முகாமில் இருக்கிறான். "எங்களுக்கு வந்தது உங்களுக்கும் வரும், பேங்கை நம்பாதே" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ரூபாய் மதிப்பு இறங்கிக்கொண்டே போகிறது. டீசலில் இருந்து தெர்மாகோல் பெட்டி வரை வரி. பெரிய முதலாளிகள் வாங்கிய கடனோ லட்சம் கோடிக் கணக்கில் காணாமல் போகிறது. நான் மட்டும் எதற்கு ஒழுங்காக வரி கட்ட வேண்டும்? ஜிஎஸ்டி பதிவை விட்டுவிட்டு ரொக்கமாகவே ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். மகள் கல்யாணத்துக்கென்று வங்கியில் 8 லட்சம் ஒரே எஃப்.டி.யாக இருக்கிறது. ராமநாதபுரத்தில் ஒரு நிறுவனம் லட்சத்துக்கு மாதம் 8,000 ரூபாய் தருகிறது. மச்சான் முறை வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னதால் கையிருப்பில் இருந்து ஒரு லட்சம் போட்டேன். இரண்டு மாதமும் தேதி தவறாமல் பணம் வந்தது. எஃப்.டி.யை உடைத்து அங்கே மாற்றிவிடலாமா? அவர்கள் தந்த பத்திரத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எஃப்.டி.யைத் தொடாதீர்கள். போட்ட ஒரு லட்சத்தையும் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். நாட்டைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நீளமாகப் பேச வேண்டும், பேசுகிறேன். ஆனால் உங்கள் மகளின் பணம் அதுவரை காத்திருக்காது.

பத்திரத்தின் நகலைப் பெரிதாக்கி வரி விடாமல் படித்தேன். 100 ரூபாய் முத்திரைத்தாள். 'வியாபார ஒத்துழைப்பு ஒப்பந்தம்' என்று தலைப்பு. டெபாசிட் என்ற சொல் எங்கும் இல்லை. வட்டி என்ற சொல்லும் இல்லை, 'லாபப் பங்கு' என்று இருக்கிறது. மாதம் 8,000 என்பதை அச்சிடவே இல்லை, பேனாவால் ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள், அதன் பக்கத்தில் யாருடைய கையெழுத்தும் கிடையாது. உங்கள் பணம் எந்தத் தொழிலுக்குப் போகிறது என்று பார்த்தால் 'தங்கம், கடல் உணவு ஏற்றுமதி, நிலம் மற்றும் இதர தொழில்கள்'. நான்காவது பத்தியில், தொழிலில் நட்டம் வந்தால் இரு தரப்பும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. அதற்குக் கீழேதான் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நாளைக்கு அவர்கள் 'நட்டம்' என்று கைவிரித்தால் அந்தக் கையெழுத்தை உங்கள் முன்னால் நீட்டுவார்கள்.

அடியில் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டு மூன்று எண்கள் இருக்கின்றன. முதல் எண் 33-இல் தொடங்குகிறது. அது ஜிஎஸ்டி எண். 33 என்பது தமிழ்நாட்டின் குறியீடு, அதை அடுத்து வருவது அவர்களுடைய பான் எண். கருவாட்டு பாக்கெட்டுக்காக நீங்கள் வைத்திருக்கிறீர்களே, அதே பதிவுதான். இரண்டாவது உத்யம் பதிவு. சிறுதொழில் செய்கிறோம் என்று இணையத்தில் தாங்களே பதிந்துகொள்வது, கட்டணம்கூடக் கிடையாது. மூன்றாவது, கம்பெனி தொடங்கும்போது தரும் பதிவு எண். இந்த மூன்றில் எதுவும் பொதுமக்களிடம் பணம் திரட்டுவதற்கான அனுமதி ஆகாது. டெபாசிட் வாங்க வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கியோ வேறு ஒழுங்குமுறை அமைப்போ அதற்கென்று அனுமதி தந்திருக்க வேண்டும். ஏலச்சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவுத்துறையில் பதிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி நடத்தும் 'சச்சேத்' என்ற இணையதளத்தில் யாருக்கு டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறது என்று பார்க்கலாம். நீங்கள் எழுதிய பெயரை அங்கே தேடினேன், இல்லை.

இனி கணக்கு. லட்சத்துக்கு மாதம் 8,000 என்றால் ஆண்டுக்கு 96 சதவீதம். நம் கரையில் எந்தத் தொழில் அப்படிக் கொடுக்கிறது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் கிடக்கும். மற்ற மாதங்களில் டீசல், ஐஸ், கூலி போக மிஞ்சுவது என்னவென்று வியாபாரியான உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடல் உணவு ஏற்றுமதியில் இருக்கும் பெரிய கம்பெனிகளுக்கே அந்த லாபம் கனவிலும் வராது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான தீர்வையை 50 சதவீதமாக ஏற்றியபோது இறால் ஏற்றுமதி எப்படித் தடுமாறியது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் உங்களுக்கு வந்த 8,000 எங்கிருந்து வந்தது? உங்களுக்குப் பிறகு பணம் போட்டவரிடமிருந்து. அவருக்குப் போவது அவருக்கும் பின்னால் வருகிறவரிடமிருந்து. ஆள் வருவது நிற்கும் மாதத்தில் அலுவலகம் பூட்டிக்கிடக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 8 லட்சத்தையும் போட்டு, ஒரு வருஷம் முழுக்க ஒரு மாதம்கூடத் தவறாமல் அவர்கள் கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 7,68,000 ரூபாய். அசலுக்கே 32,000 குறைகிறது. பதின்மூன்றாவது மாதமும் அவர்கள் கடை திறந்திருந்தால்தான் ஒரு ரூபாயாவது லாபம். இந்த மாதிரி நிறுவனங்கள் அவ்வளவு காலம் நிற்குமா என்பதற்குத் தமிழ்நாட்டில் வேண்டிய மட்டும் சாட்சி இருக்கிறது. 2022-இல் வெளிவந்த ஆருத்ரா நிதி நிறுவன மோசடி வழக்கில் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கப்பட்டது என்பது போலீஸ் தரப்புக் கணக்கு. அந்த ஒரு லட்சம் பேரும் முட்டாள்கள் இல்லை. அவர்களிலும் பலருக்கு முதல் சில மாதங்கள் தேதி தவறாமல் பணம் வந்தது.

மச்சான் முறை ஆசிரியர் மீது எனக்குக் கோபம் இல்லை. அநேகமாக அவரும் நம்பித்தான் போட்டிருப்பார். இந்த ஆட்கள் தேடிப் பிடிப்பதே அப்படிப்பட்டவர்களைத்தான்: ஊரில் மரியாதை உள்ள ஆசிரியர், கோயில் கமிட்டியில் இருப்பவர், வெளிநாட்டில் சம்பாதித்து ஊர் திரும்பியவர். கீழக்கரையில் ஒரு மாதிரி, ஏர்வாடியில் ஒரு மாதிரி, தொண்டியில் ஒரு மாதிரி என்று ஊருக்குத் தகுந்தபடி ஆள் பிடிப்பார்கள். ஆனால் அவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். 2019-இல் வந்த ஒழுங்குமுறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி, தெரிந்தே பொய் சொல்லி மற்றவர்களை இத்தகைய திட்டத்தில் பணம் போடத் தூண்டுகிறவரும் குற்றவாளி. கமிஷன் வாங்கிக்கொண்டு இனியும் ஆள் சேர்த்தால் 'எனக்குத் தெரியாது' என்பது கோர்ட்டில் நிற்பது கஷ்டம்.

சரி, நாட்டுக்கு வருவோம்.

உங்கள் அத்தை மகன் பட்டதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. 2022 மார்ச் 22 அன்று அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் குழந்தைகளோடு ஆறு பேரை இறக்கிவிட்டுப் படகு திரும்பிப் போய்விட்டது. கடலோரக் காவல் படை போய் அவர்களை மீட்டது. அன்று தொடங்கி வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: அரிசி வாங்க முடியவில்லை, பால் மாவு கிடைக்கவில்லை, வேலை இல்லை. அந்த நாட்களில் அங்கே 13 மணி நேர மின்வெட்டு. காகிதம் இறக்குமதி செய்ய டாலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வையே தள்ளிவைத்தார்கள். அந்த செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது.

ஆனால் அவர் சொல்லும் பாடத்தில் ஒரு பிசகு இருக்கிறது. அதைத் திருத்தினால் உங்கள் முடிவே மாறும் என்று நினைக்கிறேன்.

இலங்கை விழுந்ததற்குப் பல காரணங்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பும் அதன்பின் கொரோனாவும் சுற்றுலாவை முடக்கின. 2021 ஏப்ரலில் ரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை போட்டு விளைச்சலைக் கெடுத்தார்கள். இவற்றையெல்லாம் தாங்கியிருக்கக்கூடிய கஜானாவை முன்கூட்டியே காலி செய்து வைத்திருந்தார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. 2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச அதிபரானார். டிசம்பர் 1 முதல் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதம் ஆனது. அதோடு விட்டார்களா? ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய் வியாபாரம் செய்தாலே வரிக்குப் பதிய வேண்டும் என்று இருந்ததை 30 கோடி என்று மாற்றினார்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரி, வட்டியில் பிடிக்கும் வரி, தேச நிர்மாண வரி எல்லாம் போயிற்று. நாடே கைதட்டியது. 2021-இல் அரசின் வருவாய் நாட்டு உற்பத்தியில் 8.3 சதவீதமாகச் சுருங்கியது. உலகத்திலேயே மிகக் குறைவாக வசூலிக்கும் நாடுகளில் ஒன்றாகிப்போனது.

வரவு போனால் செலவைக் கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். இலங்கை 2007-இலிருந்தே வெளிநாட்டுச் சந்தையில் டாலர் கடன் பத்திரம் விற்றுப் பழகியிருந்தது. அந்தக் கடனின் தன்மை நம் கரைக்காரருக்கு எளிதில் புரியும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும், கடல் ஏமாற்றிய நாளிலும் தவணை நிற்காது. வரவு சுருங்கியதைப் பார்த்து, நாடுகளின் கடன் கட்டும் திறனை அளக்கும் தரநிர்ணய நிறுவனங்கள் மதிப்பெண்ணைக் குறைத்தன, 2020-க்குப் பிறகு புதுக் கடன் தர ஆள் இல்லை. மத்திய வங்கி ரூபாயை அச்சடித்துத் தள்ளியது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மே மாதம் பயன்படுத்தக்கூடிய டாலர் கையிருப்பு 5 கோடிகூட இல்லை என்று அவர்களுடைய நிதியமைச்சரே சொன்னார். ஜூலையில் அதிபர் நாட்டை விட்டு ஓடினார். இந்தச் சீரழிவுக்கு ராஜபக்ச சகோதரர்களும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்களும் பொறுப்பு என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது.

இதில் உங்களுக்கான செய்தி இரண்டு. 2019-இல் குறைத்த வரி யாருக்குத் திரும்பி வந்தது தெரியுமா? 2022 ஜூனில் 12 சதவீதம், செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. மன்னார் கடைக்காரரும் அவரிடம் சோப்பு வாங்கிய கூலிக்காரரும் சேர்ந்து அடைக்கிறார்கள். இன்னொன்று, அங்கே வங்கிகள் கதவைச் சாத்திக்கொண்டு ஓடவில்லை. டெபாசிட் போட்டவரின் ரூபாய் கணக்கில் அப்படியேதான் இருந்தது, அந்த ரூபாய்க்கு வாங்க முடிந்ததுதான் வெகுவாகக் குறைந்து போனது. அதனால் 'பேங்கை நம்பாதே' என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வங்கியில் இருந்து எடுத்து ராமநாதபுரத்தில் இந்த நிறுவனத்திடம் கொடுத்தாலும் அதே ரூபாய்தானே கொடுக்கிறீர்கள்? விலைவாசி அங்கேயும் அதைத் தின்னும், நிறுவனம் மீதியைத் தின்னும்.

நமக்கும் அது வருமா? இலங்கை விழுந்த அதே வழியில் வரும் என்று நான் நினைக்கவில்லை. 1991-இல் நாம் அந்த விளிம்பில் நின்றோம். சில வார இறக்குமதிக்கே டாலர் இருந்தது, ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியில் அடகு வைத்தது. இன்று கையிருப்பு 60,000 கோடி டாலருக்கு மேல். மத்திய அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில், நம் வங்கிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் வாங்கியது. அரிசிக்குக் கப்பலை எதிர்பார்க்கும் நிலை இல்லை. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து வசூலிக்கும் வரி நாட்டு உற்பத்தியில் 17, 18 சதவீதம். இலங்கையின் 8.3-ஐ நினைத்துப் பாருங்கள்.

எனக்குக் கவலை வேறு பக்கம். ஒரே நாளில் கவிழ்வதைப் பற்றி எனக்குப் பயம் இல்லை, மெதுவாகக் கரைவதைப் பற்றித்தான் பயம். 2025 டிசம்பரில் ஒரு டாலருக்கு 90 ரூபாயைத் தாண்டியது. 2022-23-இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது, பல பத்தாண்டுகளில் காணாத இறக்கம். சேமிப்பு கரைவதை நான் புள்ளிவிவரத்தில் பார்க்க வேண்டியதில்லை. பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் பக்கமிருந்து கணக்குக் கொண்டுவருகிறவர்களின் பாஸ்புக்கிலேயே பார்க்கிறேன். நகைக்கடன், அதை மீட்க இன்னொரு கடன், படிப்புக்குத் தனிக் கடன். இப்படி மூச்சு முட்டும் வீட்டில்தான் 'மாதம் எட்டாயிரம்' என்ற பேச்சு எடுபடுகிறது. பேராசை என்று ஊர் சொல்லும். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆசையால் போகவில்லை, மகளின் கல்யாணச் செலவு ஏறும் வேகத்துக்கு வங்கி வட்டி ஏறவில்லை என்ற பதற்றத்தில் போனார்கள். ஆசைப்பட்டவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

பெரிய முதலாளிகளைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயமான கோபம். அதைத் தணிக்க நான் முயல மாட்டேன். 2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22-ஆகக் குறைத்தது, புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். கம்பெனிகள் அந்தப் பணத்தில் ஆலை கட்டும், வேலை பெருகும் என்பது கணக்கு. எதிர்பார்த்த அளவுக்கு நடக்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் அடிமட்டத்துக்குப் போனபோது, அந்த விலைக்குறைவை நம்மிடம் வரவிடாமல் டீசல் மீதான மத்திய கலால் வரியை லிட்டருக்கு 31 ரூபாய் 83 காசு ஆக்கினார்கள். பின்னால் இரண்டு தடவை குறைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார்கள், இன்னொருவரிடம் வாங்கினார்கள். தமிழ்நாட்டில் மீனவருக்கு வரி விலக்கு டீசல் உண்டு என்பார்கள். விலக்கு மாநில விற்பனை வரிக்குத்தான், மத்தியக் கலால் வரி படகின் டேங்கில் சேர்ந்தேதான் ஏறுகிறது. டீசல் விலை ஏறினால் மீன் விலை ஏறும், உங்கள் கருவாட்டின் அடக்க விலை ஏறும்.

எனக்கு அதைவிட உறுத்துவது செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று சொல்லி வாங்கும் தனி வரி. டீசல் மீதான மத்திய வரியில் பெரும்பங்கு செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் வருகிறது. மத்திய வரி வருவாயில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று 15-ஆவது நிதிக்குழு சொன்னது, அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். செஸ் அந்தப் பங்கீட்டுக்குள்ளேயே வராது. நம் கரையில் எரியும் டீசலுக்குக் கொடுக்கும் காசில், மீன்பிடித் துறைமுகத்துக்குத் தூண்டில் வளைவு கட்ட வேண்டிய மாநில அரசின் பங்கு அந்த அளவுக்குச் சுருங்குகிறது. வரிச் சீர்திருத்தம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் கை வைக்கச் சொல்வது இங்கேதான்: செஸ்ஸைப் பங்கீட்டுக்குள் கொண்டுவாருங்கள், மீன்பிடி டீசலுக்குக் கலால் வரியை விலக்குங்கள். அதனால் வரும் இழப்பை மேலே இருந்து வாங்கலாம். பரம்பரைச் சொத்து மீதான வரி 1985-இல் போனது, செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். பத்துத் தலைமுறைக்குச் சொத்து உள்ளவர் விட்டுச் செல்வதற்கு ஒரு ரூபாய் வரி இல்லை, தெர்மாகோல் பெட்டிக்கு 18 சதவீதம் என்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

வங்கிக் கடன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014-15 முதல் பத்து ஆண்டுகளில் வங்கிகள் ஏறத்தாழ 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடனைத் தங்கள் கணக்கிலிருந்து எடுத்தன என்று நாடாளுமன்றத்தில் அரசே பதில் தந்தது. கணக்கிலிருந்து எடுத்தாலும் வசூல் நடவடிக்கை தொடரும், கடனாளி தப்பிவிட்டார் என்று ஆகாது. ஆனால் திரும்பி வந்தது சிறு பகுதிதான். கூட்டுறவுச் சங்கத்தில் வலைக்கு வாங்கிய கடனுக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களைப் பார்த்த உங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

அப்படியானால் நானும் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கிறீர்கள். நீங்கள் கட்டாமல் விட்டால் அந்த முதலாளிக்கு ஒரு காசு நட்டமில்லை. நட்டம் உங்களுக்கு, அதுவும் இரண்டு மூன்று பக்கத்தில் இருந்து. லேபிள் ஒட்டிய பாக்கெட் கருவாடு 5 சதவீத வரிக்கு உட்பட்டது, மூட்டையாக லேபிள் இல்லாமல் விற்பதற்கு வரி இல்லை. சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவே தேவையில்லை என்பது உள்ளூர் வியாபாரத்துக்கு. வரி உள்ள சரக்கை மாநிலம் தாண்டி அனுப்பினால் தொகை எவ்வளவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். கேரள வியாபாரம் இருக்கும் வரை நீங்கள் பதிவை விட முடியாது. பதிவை வைத்துக்கொண்டு ரிட்டர்ன் போடாமல் விட்டால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் 20 ரூபாய் ஏறும். அதே சமயம், பாக்கெட் வியாபாரத்துக்காகத் தெர்மாகோல் பெட்டிக்கும் அட்டைக்கும் பில்லோடு கட்டும் வரியை உங்கள் 5 சதவீதத்தில் கழித்துக்கொள்ள உரிமை இருக்கிறது. மூட்டை வியாபாரத்துக்கு வாங்கியதில் அந்த உரிமை இல்லை, இரண்டு கணக்கையும் தனித்தனியாக வையுங்கள். ரொக்கத்துக்குப் போனால் அந்தக் கழிவு முழுவதும் போச்சு.

வருமான வரி இன்னும் எளிது. புதிய முறையில் 2025-26 முதல் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை கட்ட வேண்டிய வரி இல்லை. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். மூன்று வருஷ ரிட்டர்ன் கையில் இருந்தால் வங்கி மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவார். அது இல்லாதவர் நம் ஊரில் எங்கே போய் நிற்பார் என்று உங்களுக்குத் தெரியும்: மீட்டர் வட்டிக்காரர் வீட்டில். ரொக்கத்திலேயே ஓட்டுகிற வியாபாரியைத்தான் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

எஃப்.டி.யைப் பொறுத்தவரை ஒரு மாற்றம் செய்யலாம். வங்கி மூழ்கினால் டெபாசிட் காப்பீட்டுக் கழகம் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை தரும், 2020 பிப்ரவரி முதல் இந்த வரம்பு. 8 லட்சம் ஒரே இடத்தில் இருப்பதால் முதிர்வுத் தேதி வந்ததும் இரண்டு வங்கியாகப் பிரித்துப் போடுங்கள், இரண்டும் 5 லட்சத்துக்குக் கீழே இருக்கும்படி. இடையில் உடைத்து வட்டியை இழக்க வேண்டாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது, கூட்டுறவு வங்கிக்கு உண்டு. இதில் பலரும் ஏமாறுகிறார்கள். கல்யாணத்துக்கு வேண்டிய நகையில் ஒரு பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இப்போதே வாங்குவதில் தவறில்லை, ஆனால் முழுப் பணத்தையும் தங்கமாக்கிவிட்டால் கல்யாண மண்டபச் செலவுக்கு மறுபடி அடகுக்கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

இப்போது அந்த ஒரு லட்சம். இரண்டு மாதத்தில் 16,000 திரும்பியிருக்கிறது, 84,000 வெளியே இருக்கிறது. நேரில் போய்ச் சத்தம் போடாதீர்கள். மகள் கல்யாணம் நெருங்கிவிட்டது, பணம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 'இன்னொரு லட்சம் போட்டால் சேர்த்துத் தருகிறோம்' என்பார்கள், 'உங்களுக்குப் பதில் ஒரு ஆளைச் சேர்த்துவிடுங்கள்' என்பார்கள். இரண்டுக்கும் தலையாட்டாதீர்கள். அசல் பத்திரத்தை ஒருபோதும் திருப்பிக் கொடுக்காதீர்கள், 'புதுப்பித்துத் தருகிறோம்' என்றாலும். வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள், பணம் வந்த தேதிகள், ஆசிரியரோடு பேசியது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் கொடுத்தது ரொக்கமா, வங்கி வழியா என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. ரொக்கம் என்றால் கொடுத்த நாள், இடம், உடன் இருந்தவர் பெயர் ஆகியவற்றை இன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக டெபாசிட் வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தவறு, அந்தத் தவறு வாங்கியவருடையது, உங்களுடையது இல்லை. ஆகவே புகார் கொடுக்கப் பயப்பட வேண்டாம்.

பதினைந்து நாளில் பணம் வரவில்லை என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி உண்டு. வருஷக் கணக்கில் இழுக்கும் வேலைதான், மறைக்கவில்லை. ஆனால் நிறுவனத்திடம் சொத்து மிஞ்சியிருக்கும்போதே புகார் வந்தால் கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம். உங்கள் தெருவில் இன்னும் யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரியும். அவரையும் சேர்த்துக்கொண்டு எல்லாரும் ஒரே நாளில் போங்கள்.